லயத்துப் பிள்ளைக்கு ஒரு துணை

பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளை பகலெல்லாம் இஸ்தோப்பில் தனியே குந்தியிருக்கும். தாய் கொழுந்தெடுக்கப் போயிடுவார். "கொழும்புல கடை வேலை இருக்கு" என்று தரகர் வருவதும் அந்த நேரந்தான். 16 வயது ஆகாதவரை வேலைக்கு வைப்பது 2021 முதல் சட்டவிரோதம். தரகர் அதைச் சொல்லவா போகிறார்?

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் துணை நிற்க, ஓ.எல். வரை படித்த அண்ணன், அக்காமாரை அழைக்கிறோம். ஆளுக்கு ஒரு பிள்ளை போதும். ஞாயிறு வருவதாகச் சொன்னால் மழையென்றாலும் போக வேணும். ஒருக்கா ஏமாந்த பிள்ளை பிறகு வாய் திறக்காது. முதல் நாளே புத்தி சொல்லாதீங்க, அதற்கு லயத்தில் ஆள் நிறைய. பெரியவர்கள் பார்வையில், வாசலிலேயே இருந்து கதையுங்கள். படிக்க மனம் வந்தால் தாயையும் கூட்டிக்கொண்டு அதிபரைப் பாருங்கள். அடி, தொந்தரவு என்று பிள்ளை சொன்னால் மட்டும், "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அறிவியுங்கள்; இரவிலும் எடுக்கலாம்.