மதிலோரத்துப் பனைகள்

மலேசியாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நீச்சல் குளங்களைச் சுற்றித் தென்னையும் பிற பனை வகைகளும் வரிசையாக நிற்பதைக் காணலாம். வீட்டு மதிலோரத்திலும் அவை இடம்பிடிக்கின்றன. அழகு தரும் இம்மரங்கள்மீது ஒரு பழியும் உண்டு. மதிலில் விரிசல் கண்டாலோ குளத்தில் நீர் கசிந்தாலோ, “பக்கத்தில் நிற்கும் மரத்தின் வேர்தான் காரணம், வெட்டிவிடுங்கள்” என்று பலரும் கூறுவர். இக்கூற்று எந்த அளவுக்கு உண்மை?

வேர்களின் இயல்பை அறிந்தால் விடை கிடைக்கும். ஆல், அங்சானா போன்றவை இருவித்திலைத் தாவரங்கள். அவற்றின் வேர்கள் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகும். விரல் அளவில் இருந்த வேர், காலப்போக்கில் தொடை அளவுக்குப் பருத்து நடைபாதையையே தூக்கிவிடும். பனைக் குடும்பத்து மரங்களோ ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றின் தண்டடியிலிருந்து ஏராளமான சல்லி வேர்கள் கிளம்புகின்றன. தென்னையின் முதன்மை வேர் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் தடிமன் கொண்டது. வயதானாலும் அது பருப்பதில்லை. எனவே, உறுதியாகக் கட்டப்பட்ட மதிலை இவ்வேர்கள் பிளப்பது அரிது. ஆனால், குழாயிலோ குளத்துச் சுவரிலோ ஏற்கெனவே விரிசல் இருந்தால், கசியும் ஈரத்தை நாடி அவை உள்ளே நுழையக்கூடும். அந்நிலையில் மரத்தை வெட்டினாலும் கசிவு நிற்காது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது போல் மரம் வீணாக உயிரிழக்கும்.

அப்படியென்றால், பனைகளை மதிலை ஒட்டியே நடலாமா? கூடாது. மரம் வளர வளர அதன் அடித்தண்டு அகன்று மதிலை நெருக்கும். சிவந்த தண்டுடைய பினாங் ராஜா போன்ற வகைகள் பக்கக் கன்றுகளை ஈன்று புதராகப் பெருகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து தலைக்குமேல் இருக்கிறது. முதிர்ந்த தென்னையின் ஓலை 4 முதல் 6 மீட்டர் வரை நீளும். மாதத்திற்கு ஏறக்குறைய ஓர் ஓலை காய்ந்து விழும். குளத்தில் சிறுவர்கள் நீந்தும்போது மட்டையோ தேங்காயோ விழுந்தால் என்ன ஆகும்? கூந்தற்பனையின் பழங்களில் ஊசி போன்ற நுண்ணிய கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. அவற்றின் சாறு பட்டால் தோல் கடுமையாக அரிக்கும். உதிரும் பூக்களோ குளத்து நீரின் வடிகட்டியை அடைத்துவிடும்.

மரம் உயர்ந்த பிறகு அதன் தலையை வெட்டிக் குட்டையாக்கவும் இயலாது. தென்னை போன்ற ஒற்றைத் தண்டுப் பனைக்கு வளரும் குருத்து உச்சியில் ஒன்றே ஒன்றுதான். அதை வெட்டினால் மரமே பட்டுப்போகும்.

ஆகையால், கன்றின் உயரத்தைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்காமல், முழுதாக வளர்ந்த மரத்தை மனத்தில் கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். தென்னை என்றால், குளத்திலிருந்து குறைந்தது ஓர் ஓலையின் நீளமாவது தள்ளி நட வேண்டும். ஏற்கெனவே நெருக்கமாக நட்டுவிட்டவர்கள் அவசரப்பட்டுக் கோடரியை எடுக்க வேண்டியதில்லை. முதலில் கசிவின் உண்மைக் காரணத்தைக் கண்டறியலாம். காய்ந்த மட்டைகளையும் குலைகளையும் உரிய காலத்தில் அகற்றலாம். இளம் பனையாக இருந்தால், வேர்மண்ணோடு பெயர்த்து வேறிடத்தில் நடலாம். நடும் நாளில் ஒதுக்கும் சில மீட்டர் இடைவெளி, மரத்தையும் காக்கும். அதனடியில் விளையாடும் குழந்தைகளையும் காக்கும்.