பேரிங் இறக்குமதி: ஆர்டருக்கு முன்பே வரைபடம் வாங்குங்கள்

சென்னைத் துறைமுகத்தில் இறக்குமதிச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் முகவர் தொழில் என்னுடையது. கோவை நூற்பாலைகள், பம்ப் கம்பெனிகள், அம்பத்தூர்ப் பட்டறைகள் வரவழைக்கும் மெஷின் உதிரிகள்தான் என் மேசைக்கு அதிகம் வரும். அவற்றில் பார்க்கச் சாதாரணமாக இருந்து, சரக்கு வெளியேறிப் பல மாதம் கழித்து நோட்டீஸைக் கொண்டுவந்து சேர்ப்பது பேரிங்.

புதிதாக இறக்குமதி செய்பவர்கள், பேரிங் எந்த மெஷினில் மாட்டப்படுகிறதோ அந்த மெஷினின் பாகமாகவே அதை நினைக்கிறார்கள். ஸ்பின்னிங் மெஷினுக்கு என்றால் சுங்க இலக்கம் 8448, பம்புக்கு என்றால் 8413, லாரிக்கு என்றால் 8708. வெளிநாட்டு சப்ளையரும் இன்வாய்ஸில் அப்படியே எழுதி அனுப்பிவிடுவார். சுங்கவரி அட்டவணையின் 16ஆம் பிரிவுக் குறிப்பு 2 இதற்கு இடம் தருவதில்லை. ஒரு பாகத்துக்கு 84 அல்லது 85ஆம் அத்தியாயத்தில் தனித் தலைப்பு இருந்தால், அது எந்த மெஷினுக்குப் போனாலும் அந்தத் தலைப்புக்குத்தான் போக வேண்டும். பால் பேரிங்குக்கும் ரோலர் பேரிங்குக்கும் 8482 என்ற தனித் தலைப்பு இருக்கிறது. வாகனங்களைச் சொல்லும் 17ஆம் பிரிவிலும் 8482 வாகன பாகம் ஆகாது என்று பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள். எனவே நான் முதலில் கேட்பது பொருள் என்ன என்பதை. எந்த மெஷினுக்கு என்பது பிறகு.

கடையில் பேரிங் என்று கேட்டு வாங்குவதெல்லாம் 8482 ஆகிவிடாது. குண்டோ உருளையோ ஊசியோ உள்ளே உருள வேண்டும். வெண்கலப் புஷ், எஞ்சினுக்குப் போகும் ஷெல் பேரிங் போன்ற வழுக்கு வகைகள் 848330. கார்பனில் செய்த புஷ் என்றால் 6815. நூற்பாலைகளுக்கு அதிகம் வரும் பில்லோ பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். யூ.சி.பி. 205 என்று வார்ப்பிரும்புக் கூட்டோடு முழுதாக வந்தால் 848320. உள்ளே போகும் யூ.சி. 205 மட்டும் தனியாக வந்தால் 848210. வெறும் கூடு மட்டும் வந்தால் 848330. மூன்றும் ஒரே இன்வாய்ஸில் 'பேரிங்' என்ற ஒற்றைச் சொல்லில் வந்ததை நான் பலமுறை பிரித்து எழுதியிருக்கிறேன்.

"எல்லாவற்றுக்கும் வரி ஏறக்குறைய ஒன்றுதானே, ஏன் மெனக்கெடுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். ஜப்பானிலிருந்தோ ஆசியான் நாட்டிலிருந்தோ ஒப்பந்தச் சலுகையில் கொண்டுவருகிறீர்கள் என்றால், பிறப்பிடச் சான்றிதழில் உள்ள ஆறு இலக்கமும் பில் ஆஃப் என்ட்ரியில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, பொருள் அந்த நாட்டில்தான் உருவானது என்பதற்கான விவரத்தையும் இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும். இலக்கம் மாறினால் முதலில் சிக்குவது சலுகைதான்.

உதிரி பாகங்களில்தான் நுணுக்கம் அதிகம். டேப்பர் ரோலர் பேரிங்கில் கோனும் கப்பும் தனித்தனியாக விலைக்குக் கிடைக்கும். உள்வளையம், உருளைகள், கேஜ் மூன்றும் சேர்ந்த கோன் தொகுப்பு தனியாக வந்தாலும் 848220. வெளிவளையமான கப் மட்டும் வந்தால் 848299. குண்டு, ஊசி, உருளை தனியாக வந்தால் 848291. கேஜோடு சேர்ந்த ஊசி உருளைத் தொகுப்பு பேரிங்கா பாகமா என்று முன்பு வாதாடிக்கொண்டிருந்தோம். 2022 ஜனவரி 1 முதல் அதையும் 848240-இன் வாசகத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பழைய இலக்கத்தை இன்னும் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கம்பெனிகள் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

எஃகுக் குண்டுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. மெருகேற்றியதாக இருக்க வேண்டும். அதன் விட்டம் குறித்த அளவிலிருந்து 1 சதவீதம் அல்லது 0.05 மில்லிமீட்டர், இவற்றில் எது குறைவோ அதற்குமேல் விலகக் கூடாது. 5 மில்லிமீட்டருக்குப் பெரிய குண்டு எதுவானாலும் 0.05-தான் எல்லை. இந்தத் துல்லியம் இல்லாத எஃகுக் குண்டுகள் 7326-க்குப் போய்விடும். ஆகவே சப்ளையரின் அளவுச் சான்றிதழ் இல்லாமல் குண்டுகளுக்கு 848291 எழுதாதீர்கள்.

ஆறு இலக்கம் உலகத்துக்கெல்லாம் பொது. கடைசி இரண்டு நம்முடையவை. இந்திய அட்டவணை ரேடியல் பேரிங்குகளை உள்விட்டத்தை வைத்து 50 மில்லிமீட்டர் வரை, 50 முதல் 100 வரை, 100-க்கு மேல் எனப் பிரிக்கிறது. பேரிங் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். 04-இலிருந்து இது பொருந்தும். 6210 என்றால் 50, முதல் பிரிவிலேயே நிற்கும். 6211 என்றால் 55, அடுத்த பிரிவு.

சி.என்.சி. மெஷின் உதிரிகளில் லீனியர் கைடும் பால் ஸ்க்ரூவும் ஒரே பெட்டியில் வரும். இரண்டிலும் குண்டு உருள்கிறது என்று ஒரே இலக்கம் போடுகிறார்கள். குண்டுகளோடு தண்டவாளத்தில் ஓடும் கைடு 8482. பால் ஸ்க்ரூவுக்கு 848340-இல் பெயர் சொல்லி இடம் இருக்கிறது.

உண்மையான தகராறு வாகனத்தின் வீல் ஹப் யூனிட்டில். பிரேக் டிஸ்க்கும் சக்கரமும் நேரே போல்ட் போட்டு மாட்டும் விளிம்போடு வருகிற இது பேரிங்கா, வாகன பாகமா? 8482-க்கு அடிப்படை வரி 7.5 சதவீதம், 8708-க்கு 15. ரயில்வே ரிலே குறித்த வெஸ்டிங்ஹவுஸ் சாக்ஸ்பி ஃபார்மர் வழக்கில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, வாகன உதிரி இறக்குமதியாளர்கள் பலருக்கு நோட்டீஸ் பறந்தது. அந்தத் தீர்ப்பை எல்லாப் பொருளுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது, பிரிவுக் குறிப்புகளைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்று 2022 ஜனவரி 5 அன்று மத்திய மறைமுக வரி, சுங்க வாரியம் அறிவுறுத்தியது. சாதாரண பால் பேரிங்குக்கு நான் 8482-ஐ விட்டுக்கொடுக்க மாட்டேன். ஹப் யூனிட்டைத் தொடர்ந்து கொண்டுவரப் போகிறவர்கள், குறைந்த வரியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதைவிட, சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் விண்ணப்பிப்பதே சரி. கிடைக்கும் தீர்ப்பு, சட்டமோ பொருளோ மாறாதவரை, மூன்றாண்டுகள் செல்லும்.

முன்பு அதிகாரியின் மேசையில் சாம்பிளை வைத்து விளக்குவோம். 2020 ஜூன் 8 அன்று முகமறியா மதிப்பீடு சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கியது. முதலில் அதில் சேர்ந்தவையே 84, 85ஆம் அத்தியாயங்கள்தான். உங்கள் பில் ஆஃப் என்ட்ரியை இன்று வேறு ஊரில் இருப்பவர் பார்க்கிறார். அவர் கையில் பேரிங் இல்லை, நீங்கள் சுங்கத் துறையின் இ-சஞ்சித் தளத்தில் ஏற்றிய காகிதம்தான் இருக்கிறது. 'மெஷினரி ஸ்பேர்ஸ்' என்று ஒரு வரி எழுதினால் கேள்வி வரும், சரக்கு நிற்கும், டெமரேஜ் ஏறும். உருளும் உறுப்பின் வகை, உள்விட்டம், கூடு உண்டா இல்லையா, முழுதா பாகமா ஆகியவற்றை வரிக்கு வரி எழுதி, கேட்லாக் பக்கத்தையும் குறுக்குவெட்டு வரைபடத்தையும் இணையுங்கள்.

2011 முதல் சுயமதிப்பீடு என்பதால் இலக்கத்துக்குப் பொறுப்பு இறக்குமதியாளர்தான். குறைவாகக் கட்டிய வரியைச் சுங்கத் துறை இரண்டாண்டு வரை கேட்கலாம். மறைத்ததாகக் குற்றம் சாட்டினால் ஐந்தாண்டு. வரைபடத்தை அன்றைக்கே ஏற்றியிருந்தால், எதையும் மறைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. கப்பல் கிளம்பிய பிறகு சப்ளையரிடம் வரைபடம் கேட்டால் வருவதில்லை. ஆர்டர் போடும்போதே கேட்டு வாங்கி, உங்கள் முகவருக்கு அனுப்பிவிடுங்கள்.