பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுது

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கொள்ளுத்தாத்தாவின் பதக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். பார்த்தேன். குடும்ப வரலாறு எழுதப் போகிறாய் என்பதில் மகிழ்ச்சி. ஆனால் 'பெங்கால்' கப்பலில் நின்று ஜப்பான்காரன் கப்பலை மூழ்கடித்தவர் என்று நம் வீட்டில் சொல்வதை முதல் வரியாக வைத்துவிடாதே. 1942 நவம்பர் 11 அன்று அந்தச் சின்னஞ்சிறு கண்ணிவாரிக் கப்பலும் ஒரு டச்சு எண்ணெய்க் கப்பலும் இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்களை எதிர்த்து நின்று, ஒன்றை மூழ்கடித்தது உண்மை. அதில் இருந்ததாகச் சொல்லிக்கொண்ட அத்தனை பேரும் ஏறியிருந்தால், சண்டைக்கு முன்பே கப்பல் முழுகியிருக்கும்!

முன்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறாய். பின்பக்கம்தான் முக்கியம். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டன் தன் ஆட்களுக்குப் பெயர் போடாமலே கொடுத்தது. இந்தியர்களுக்குப் பெயர் பதித்துக் கொடுத்தார்கள். பெயரோடு எண் இருந்தால் அதை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், எண் ஒருவருக்குத்தான். வட்டப் பதக்கத்தில் விளிம்பைப் பார். அத்தை பாசத்தில் பிராசோ போட்டுத் தேய்க்க வருவார், விடாதே; எழுத்து மழுங்கிவிடும்.

அடுத்து நாடாக்கள். கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் மூன்றும் சம அகலத்தில் இருப்பது 1939-45 நட்சத்திரம். போர்ப் பகுதிக் கடலில் ஆறு மாதம் இருந்தால்தான் கடற்படையாளுக்கு அது சாதாரணமாகக் கிடைக்கும். நடுவில் அகலச் சிவப்பு, அதன் இருபுறமும் கருநீலம், அந்த நீலத்தின் நடுவே ஆரஞ்சுக் கோடு என்றால் பர்மா நட்சத்திரம். கடற்படையில் முதல் நட்சத்திரத்தைச் சம்பாதித்த பிறகுதான் இதற்கான கணக்கே தொடங்கும். வங்காள விரிகுடாவில் ஓடிய கப்பல்களுக்கும் இது உண்டு. ஆகவே இதை வைத்து அவர் பர்மா மண்ணை மிதித்தார் என்று எழுத முடியாது.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது மூன்றாவது நட்சத்திரம். சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு. இத்தாலி நட்சத்திரம், பாப்பா! இதைப் பற்றி நம் வீட்டில் ஒருவரும் மூச்சுவிட்டதில்லை. 1943 ஜூலையில் நேசப்படைகள் சிசிலியில் இறங்கியபோது 'சட்லெஜ்', 'ஜம்னா' என்ற இரண்டு இந்தியக் கப்பல்கள் அங்கே இருந்தன. 'ஜம்னா' 1945 ஜனவரியில் பர்மாவின் அரக்கான் கரையில் 'நர்பதா'வோடு சேர்ந்து குண்டு வீசியது. இத்தாலியும் பர்மாவும் ஒரே மார்பில் இருப்பதால் என் மனசு 'ஜம்னா' பக்கம் சாய்கிறது. அதற்காக அப்படியே எழுதிவிடாதே. மாலுமிகளைக் கப்பல் விட்டுக் கப்பல் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். 'பெங்கா'லிலும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம். பதக்கம் எந்தக் கடல், எந்தக் காலம் என்றுதான் சொல்லும். கப்பலின் பெயரைக் காகிதத்தில்தான் தேட வேண்டும்.

காகிதம் என்றால் முதலில் அவருடைய சர்வீஸ் சர்டிபிகேட். ஊரில் பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியில், பத்திரக் கட்டோடு கட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. எந்தக் கப்பல், எந்தக் கரைத்தளம், எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது மாறினார் என்று வரிசையாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. வேலையைவிட்டு வந்த தேதியையும் பார். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாய் 'தல்வார்' தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கி, மற்றத் தளங்களுக்கும் கப்பல்களுக்கும் பரவியது. பிறகு பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருடைய தேதி அதையொட்டி வந்தால், யாராவது கடற்படைப் பேச்சை எடுத்தாலே கொள்ளுத்தாத்தா ஏன் எழுந்து போனார் என்பதற்கு ஒரு காரணம் கிடைக்கலாம். அங்கேயும் அவசரப்படாதே, போர் முடிந்ததும் ஆட்குறைப்பில் வெளியேறியவர்களும் ஏராளம்.

கப்பல் பெயர் தெரிந்த பிறகு காலின்ஸ் எழுதி 1964இல் வெளிவந்த அதிகாரப்பூர்வ வரலாற்றைத் தேடிப் படி. இந்தியக் கடற்படையின் 1939-45 காலம் முழுக்க அதில் இருக்கிறது. அதற்கு முன் டெல்லி ஆவணக் காப்பகத்துக்கு எழுதுவது வீண். எண்ணும் கப்பலும் இல்லாமல் கேட்டால் எந்தக் குமாஸ்தாவும் தேடித் தரமாட்டார்.

பின்பக்கப் படங்களை வெயில் சாய்ந்த வெளிச்சத்தில், பதக்கத்தைக் கொஞ்சம் சரித்து வைத்து எடு. பதித்த எழுத்து அப்போதுதான் தெரியும். பெட்டிச் சாவி உன் பெரிய சித்தியிடம் இருக்கிறது. நான் போனில் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா