சுண்டலுக்கு பிஸ்கட் பரிசா?

கேள்வி: என் மகளுக்கு 3 வயது. மாலையில் சுண்டலோ பழமோ கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ‘இதைச் சாப்பிட்டால் பிஸ்கட் தருவேன்’ என்றால் மட்டும் இரண்டு வாய் வாங்குகிறாள். சில குழந்தைகளுக்கு நாக்கே அப்படித்தானா, டாக்டர்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பல அம்மாக்கள் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வியை நேராகவே கேட்டுவிட்டீர்கள். கவலை வேண்டாம், உங்கள் மகளின் நாக்கில் ஒரு குறையும் இல்லை.

இனிப்பின் மேல் ஆசை பிறவியிலேயே வருவது, தாய்ப்பாலே இனிப்புதான். மற்ற பல சுவைகள் பழகப் பழகத்தான் பிடிக்கும். போதாததற்கு, 2 வயதிலிருந்து 6 வயது வரை ‘புது உணவு அச்சம்’ தலைகாட்டும். பழக்கமில்லாத உணவை வாயில் வைக்கக் குழந்தை தயங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். இது நோயல்ல, வளர்ச்சியில் ஒரு கட்டம். ஒரே உணவைப் பத்துப் பதினைந்து முறை பார்த்து, தொட்டு, நக்கிப் பார்த்த பிறகே பல குழந்தைகள் அதைச் சாப்பிடத் தொடங்கும். நாமோ மூன்றாம் முறையிலேயே ‘இவளுக்குப் பிடிக்காது’ என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

அடுத்து, பிஸ்கட். பரிசு கொடுத்தால் நல்ல பழக்கம் வரும் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. பரிசு கொடுத்துச் சாப்பிடவைக்க வேண்டியிருந்தால் அந்தச் சுண்டல் நன்றாக இருக்காது என்றே குழந்தை நினைத்துக்கொள்ளும். பிஸ்கட்டின் மதிப்போ இன்னும் ஏறும்.

மூன்றாவது காரணம் பசி. முதல் பிறந்தநாளுக்குள் எடை மும்மடங்காகும் குழந்தைக்கு, அதன்பின் ஆண்டுக்கு 2 முதல் 2.5 கிலோதான் கூடும். பசியும் அதற்கேற்பக் குறையும். இடையிடையே பாலும் பிஸ்கட்டும் போய்க்கொண்டிருந்தால் அந்தச் சின்ன வயிற்றில் சுண்டலுக்கு இடம் ஏது?

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். பாலை ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக, தினமும் ஒரே நேரத்தில், உட்காரவைத்துத் தட்டை நீட்டுங்கள். குழைய வெந்த கொண்டைக்கடலை நாலைந்தை எடுத்து, தோலுரித்து, விரலால் நசுக்கிவையுங்கள். பக்கத்தில் அவளுக்குப் பழகிய வாழைப்பழத் துண்டு ஒன்று இருக்கட்டும். நீங்களும் அவளோடு உட்கார்ந்து அதே சுண்டலைச் சாப்பிடுங்கள். தொடாவிட்டால் கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம்; இரண்டு நாள் கழித்து மறுபடி வையுங்கள். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவள் விருப்பம்.

ஒன்றை மறக்காதீர்கள்: முழு வேர்க்கடலையும் முழு திராட்சையும் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். 5 வயது வரை கடலையைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுங்கள்.

எடை கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, ஓரிரு மாதம் பொறுமையாக இருங்கள். அதுவரை பிஸ்கட் பாக்கெட்டை ஒளித்துவைக்கப் பாடுபடாதீர்கள், வாங்காமலே இருந்துவிடுங்கள்.