பக்கவாட்டில் வந்த பாரம்

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தில் டே ஆற்றின் கழிமுகத்தில் கடும் புயல் வீசிக் கொண்டிருந்தது. இரவு ஏழேகால் மணியளவில் டண்டீ நகரை நோக்கிச் சென்ற பயணி ரயில் ஒன்று, கழிமுகத்தின் மேலிருந்த பாலத்தின் நடுப்பகுதியை அடைந்தது. அங்கிருந்த 13 உயர்ந்த கண்களும் ரயிலோடு ஆற்றில் விழுந்தன. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

ஏறத்தாழ இரண்டு மைல் நீளமுள்ள அந்தப் பாலம் திறக்கப்பட்டு ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அதை வடிவமைத்த தாமஸ் பவுச்சுக்கு விக்டோரியா அரசியார் அதே 1879-இல் 'சர்' பட்டம் அளித்திருந்தார். திறப்புக்கு முன் அரசாங்க ஆய்வாளர் ரயில் எஞ்சின்களைப் பாலத்தின் மீது ஓட்டிச் சோதித்தார். பாலம் அசையாமல் தாங்கியது. பிறகு ஏன் விழுந்தது?

எஞ்சினின் எடை கீழ்நோக்கிச் செயல்படுகிறது. காற்றோ பக்கவாட்டில் தள்ளுகிறது. இந்த இரண்டாவது பாரத்தைச் சோதிக்க எஞ்சின்களால் முடியாது. பலத்த காற்றடிக்கும்போது ரயில் ஓடுவதைப் பார்க்க விரும்புவதாக அந்த ஆய்வாளரே தம் அறிக்கையில் எழுதியிருந்தார். அந்த விருப்பம் நிறைவேறவில்லை.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை! வேறொரு பாலத்திற்காகப் பவுச் 1873-இல் அரசு வானியலாளர் ஏரியிடம் யோசனை கேட்டிருந்தார். பெரிய பரப்பு முழுவதற்கும் சராசரியாகச் சதுர அடிக்கு 10 பவுண்டு அழுத்தம் கொண்டால் போதும் என்பது ஏரியின் பதில். அதே காலத்தில் பிரான்சில் 55 பவுண்டும், அமெரிக்காவில் 50 பவுண்டும் கணக்கில் கொள்ளப்பட்டன. டே பாலத்திற்கோ காற்றுக்கெனத் தனியாக எதுவும் சேர்க்கவில்லை என்று விசாரணையில் பவுச்சே ஒப்புக்கொண்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 அடி நீளமும் 8 அடி உயரமும் உள்ள ரயில் பெட்டியின் பக்கப் பரப்பு 200 சதுர அடி. 10 பவுண்டு வீதம் அதன்மேல் விழும் விசை 2,000 பவுண்டு, அதாவது ஒரு டன்னுக்கும் குறைவு. 56 பவுண்டு வீதம் 11,200 பவுண்டு. சரியாக 5 டன்! நீர்மட்டத்திலிருந்து 88 அடிக்கும் மேலே இந்த விசை தள்ளினால், தூணின் அடியில் திருப்புத்திறன் எவ்வளவு பெரிதாகும் என்று நீங்களே கணக்கிடலாம்.

தூண்களும் சரியாக இல்லை. ஆற்றடிப் பாறை எதிர்பார்த்ததை விட ஆழத்தில் இருந்ததால், செங்கல் தூண்களைக் கைவிட்டு எடை குறைந்த வார்ப்பிரும்புத் தூண்களை நிறுத்தினார்கள். வார்ப்பிரும்பு அமுக்கு விசையை நன்றாகத் தாங்கும். இழுவிசையில் எளிதில் முறியும். காற்று ஒரு பக்கம் தள்ளும்போது தூண்களைப் பிணைக்கும் குறுக்குக் கம்பிகள் இழுபடுகின்றன. அவற்றைப் பிடித்திருந்த காதுகள் தூணோடு சேர்த்து வார்க்கப்பட்டவை! வார்ப்பில் விழுந்த ஓட்டைகளைத் தேன்மெழுகும் இரும்புத்தூளும் கலந்த பசையால் அடைத்திருந்தார்கள் என்பதும் விசாரணையில் வெளிவந்தது. அதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. கம்பிகள் தளர்ந்து கடகடத்ததைப் பராமரிப்பாளர் கேட்டிருக்கிறார். பவுச்சுக்குத் தெரிவிக்காமல், இரும்புத் துண்டுகளைச் செருகிச் சரிசெய்துவிட்டார்.

பவுச் 1880 அக்டோபரில் இறந்தார். ஃபோர்த் கழிமுகத்திற்கு அவர் வரைந்திருந்த தொங்கு பாலம் கைவிடப்பட்டது. அங்கே ஃபௌலரும் பேக்கரும் சதுர அடிக்கு 56 பவுண்டு என்ற கணக்கில் 1890-இல் வேறு பாலம் கட்டி முடித்தனர். பேக்கர் ஏட்டுக் கணக்கோடு நிற்கவில்லை. நடுத்தீவில் 300 சதுர அடிப் பலகை ஒன்றையும், ஒன்றரைச் சதுர அடிப் பலகைகளையும் நிறுத்தி அளந்தார். பெரிய பலகையில் சதுர அடிக்கு அழுத்தம் குறைவாகவே காட்டியது. கடும் வீச்சு ஒரே நேரத்தில் பெரும் பரப்பு முழுவதிலும் விழுவதில்லை என்ற அளவில் ஏரி சொன்னது சரிதான்; 10 என்ற எண்தான் தவறு. காற்றைத் தாங்குவதற்காகவே ஃபோர்த் பாலத்தின் கோபுரங்கள் உச்சியில் 33 அடி, அடியில் 120 அடி அகலமாகக் கால்களை அகட்டி நிற்கின்றன.

டே ஆற்றில் 1887-இல் திறந்த புதிய பாலத்தில் இன்றும் ரயில்கள் ஓடுகின்றன. அதன் அருகே பழைய தூண்களின் அடிக்கட்டைகள் நீருக்கு மேலே வரிசையாகத் தெரிகின்றன. ஆற்றில் விழுந்த எஞ்சினை எடுத்துப் பழுது பார்த்தார்கள்; அது 1919 வரை உழைத்தது.