பேரவையில் எண்ண வேண்டிய கணக்கு: பெரும்பான்மை இழந்த அரசு பற்றி ஒரு குடிமையியல் பாடம்

அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டுப் பொறுப்புடையது என்ற கருத்து, மாநில அரசு பற்றிய பாடம் எந்த வகுப்பில் வந்தாலும் ஒரு வரியில் வந்துவிடும். மாணவர்கள் அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள். "பெரும்பான்மை இழந்தால் முதலமைச்சர் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டால், "ராஜினாமா பண்ணணும் டீச்சர்" என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். அடுத்த கேள்வியில்தான் சிக்கல். "பெரும்பான்மை போய்விட்டது என்று யார் சொல்வது?" டிவி என்பான் ஒருவன். ஆளுநர் என்பாள் ஒருத்தி. எதிர்க்கட்சி என்றும் விடை வரும். சட்டமன்றம் என்ற விடை பெரும்பாலும் வருவதில்லை. நெரவியில் நான் இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் அந்த ஒரு விடைக்காகவே இரண்டு பாடவேளைகளை ஒதுக்குகிறேன்.

இதற்கு லண்டனையோ டெல்லியையோ தேடிப் போக வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 22 அன்று புதுச்சேரி சட்டப்பேரவையில் நடந்ததே போதும். நம் நெரவி-திருப்பட்டினம் தொகுதி உறுப்பினரும் இருந்த அவை அது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக 2006இல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்த பிறகு நெடுங்காலம் நடக்கவில்லை. ஆகவே நம் பிள்ளைகளுக்கு நேரில் தெரிந்த மக்கள் பிரதிநிதி என்றால் எம்.எல்.ஏ. ஒருவர்தான். பாடத்தை அவரிடமிருந்து தொடங்கினால் காது கொடுக்கிறார்கள்.

நான் பயன்படுத்தும் துணைக்கருவி 30 புளியங்கொட்டைகளும் 3 சோழிகளும். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் புளியங்கொட்டை. மத்திய அரசு நியமித்தவர்கள் சோழி. புதுச்சேரிப் பகுதிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாகே, ஏனாம் ஒவ்வொன்றுக்கும் 1 என்று முதலில் எண்ணி வைக்கச் சொல்கிறேன். பிறகு மேசையின் இடப்பக்கம் ஆளும் தரப்பு, வலப்பக்கம் எதிர்த்தரப்பு.

2016 தேர்தலில் காங்கிரஸ் 15, தி.மு.க. 2, என்.ஆர். காங்கிரஸ் 8, அ.தி.மு.க. 4, மாகேயில் ஒரு சுயேச்சை. முப்பதில் பெரும்பான்மைக்கு 16 வேண்டும். காங்கிரசுக்கு ஒன்று குறைவு. தி.மு.க. வெளியிலிருந்து ஆதரவு தர, வே. நாராயணசாமி முதலமைச்சரானார். சிறுபான்மை அரசு என்ற சொல்லை நான் விளக்குவது இந்த இடத்தில்தான். அமைச்சரவை அமைத்த கட்சிக்குத் தனியாகப் பெரும்பான்மை இல்லை. ஆனால் அவையில் ஆதரவு இருக்கிறது. அந்த ஆதரவு இருக்கும்வரை அது முழு அதிகாரம் உள்ள அரசுதான். பிள்ளைகள் 'சிறுபான்மை' என்றதும் மதம், மொழி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவது நல்லது.

இப்போது மேசையில் 18க்கு 12. 2017 ஜூலையில் மூன்று சோழிகள் வலப்பக்கம் வருகின்றன: 18க்கு 15. 2019இல் தட்டாஞ்சாவடி இடைத்தேர்தலில் தி.மு.க. வென்றதால் ஒரு கொட்டை வலமிருந்து இடம் மாறுகிறது: 19க்கு 14. 2020 ஜூலையில் பாகூர் உறுப்பினர் தகுதிநீக்கம் செய்யப்படுகிறார்: 18. 2021 ஜனவரி 25இல் வில்லியனூர், ஊசுடு உறுப்பினர்கள் விலகுகிறார்கள்: 16. பிப்ரவரி 15இல் ஏனாம், 16இல் காமராஜ் நகர்: 14க்கு 14. பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை. காங்கிரசில் ராஜ்பவன் தொகுதி உறுப்பினரும், தி.மு.க.வில் தட்டாஞ்சாவடி உறுப்பினரும் விலகல் கடிதம் தருகிறார்கள். 12க்கு 14.

கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்கும்போது வகுப்பில் சத்தமே இருக்காது. எடுத்த ஏழு கொட்டைகளையும் வலப்பக்கம் வைக்காமல் மேசைக்கு வெளியே ஒரு கிண்ணத்தில் போடச் சொல்வேன். காரணத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள். எதிர்த்தரப்பின் எண்ணிக்கை கடைசிவரை 14தான், ஒன்றுகூட ஏறவில்லை. அவைதான் 33இலிருந்து 26ஆகச் சுருங்கியது. 33இல் 14 பெரும்பான்மை ஆகாது; 26இல் 14 பெரும்பான்மை. பின்னத்தின் மேல் எண்ணுக்குக் கணக்குப் பாடத்தில் 'தொகுதி' என்று பெயர், கீழ் எண்ணுக்குப் 'பகுதி'. மேலே உள்ள தொகுதியைத் தொடாமல் பகுதியைக் குறைத்தாலே பின்னம் பெரிதாகிவிடும். சமூக அறிவியலில் கணக்கு இவ்வளவு அழகாக வந்து உட்காரும் இடம் எனக்கு வேறு தெரியவில்லை.

கட்சித் தாவல் தடைச் சட்டத்தையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். 1985இல் 52ஆவது திருத்தமாக வந்த அந்தச் சட்டப்படி, கட்சியின் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி பறிபோகலாம். வாக்கெடுப்புக்கு முன்பே விலகிவிட்டால் மீறல் என்ற கேள்வியே எழாது. "அப்போ அந்தத் தொகுதி ஜனங்க போட்ட ஓட்டு என்ன ஆச்சு டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கிண்ணத்தில் கிடக்கிறது என்று கிண்ணத்தைக் காட்டினேன். அவையின் ஆயுள் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் இடைத்தேர்தல் கட்டாயமில்லை. ஆகவே 2021 பொதுத்தேர்தல் வரும்வரை அந்த ஏழு தொகுதிகளுக்கும் உறுப்பினர் இல்லை. சட்டத்தில் இது ஓட்டை என்பது என் கருத்து. எந்தக் கட்சி பயன்படுத்தினாலும் ஓட்டை ஓட்டைதான்.

இனி நம் வினாவுக்கு வருவோம். அந்த அரசு எப்போது விலகியிருக்க வேண்டும்? பிப்ரவரி 16 மாலையே எதிர்க்கட்சிகள் விலகச் சொல்லிவிட்டன. முதலமைச்சர் மறுத்தார். அன்றிரவே துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். பிப்ரவரி 18இல் கூடுதல் பொறுப்பேற்ற தமிழிசை சௌந்தரராஜன், 22ஆம் தேதி மாலை 5 மணிக்குள் பேரவையில் பெரும்பான்மையை நிரூபிக்க உத்தரவிட்டார். கை உயர்த்தி வாக்களிக்க வேண்டும், நடப்பவை ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் அதில் இருந்தது.

அந்த ஆறு நாள்கள் பதவியில் தொடர்ந்தது தவறா? என் வகுப்பில் பாதிப்பேர் தவறு என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. அதற்கு நான் காட்டுவது கர்நாடகத்தை. 1989 ஏப்ரலில் எஸ்.ஆர். பொம்மையின் அரசுக்கு ஆதரவில்லை என்று 19 உறுப்பினர்களின் கடிதங்கள் ஆளுநரிடம் வந்தன. அவர்களில் சிலர் பின்னர் அதை மறுத்தார்கள். அவையில் நிரூபிக்கிறேன் என்று பொம்மை கேட்டும் வாய்ப்புத் தரப்படாமல் அரசு கலைக்கப்பட்டது. 1994 மார்ச் 11இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டமன்றமே என்று தீர்ப்பளித்தது. ஆகவே, செய்தித்தாள் கணக்கையும் கடிதக் கணக்கையும் நம்பி ஒரு முதலமைச்சர் விலக வேண்டிய கட்டாயம் இல்லை. என்னை அவையில் எண்ணிப் பாருங்கள் என்று கேட்பது அவர் உரிமை. அதேபோல, எண்ணிய பின் ஒரு நாள்கூட அந்த நாற்காலியில் இருக்க அவருக்கு உரிமை இல்லை. இவ்விரண்டையும் மாணவர்கள் பிரித்துப் புரிந்துகொண்டால் பாடத்தின் முக்கால் பங்கு முடிந்தது.

பட்டினச்சேரியிலிருந்து வரும் ஒரு மாணவன் இதை என்னைவிட எளிதாகச் சொல்லிவிட்டான்: "எங்க ஊர்ல பஞ்சாயத்தார் மேல நம்பிக்கை இல்லேன்னா, ஊரைக் கூட்டித்தான் டீச்சர் சொல்லணும். டீக்கடையில சொன்னா செல்லாது."

பிப்ரவரி 22 காலை அவை கூடியது. நம்பிக்கைத் தீர்மானத்தை முன்மொழிந்து முதலமைச்சர் நீண்ட நேரம் பேசினார். நியமன உறுப்பினர்களுக்கு வாக்குரிமை கூடாது என்று ஆளும் தரப்பு வாதிட்டது. இந்த வாதம் ஏன் எழுந்தது என்பதற்கு மீண்டும் மேசைக்குப் போக வேண்டும். 26இலிருந்து மூன்று சோழிகளையும் எடுத்துவிட்டால் 23. ஆளும் தரப்பு 12, எதிர்த்தரப்பு 11. ஆனால் அந்த 12இல் ஒருவர் பேரவைத் தலைவர். 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுச் சட்டப்படி, பேரவைத் தலைவர் முதலில் வாக்களிக்க முடியாது. இரு பக்கமும் சமமானால் மட்டுமே வாக்களிக்கலாம். சோழி இல்லாவிட்டால் 11க்கு 11, தலைவரின் வாக்கால் அரசு பிழைக்கும். சோழி இருந்தால் 11க்கு 14. ஒரு அரசின் ஆயுள் அந்த மூன்று சோழிகளில் இருந்தது.

மூன்று பேர் வரை நியமிக்க மத்திய அரசுக்கு அதே சட்டம் அதிகாரம் தருகிறது. மாநில அரசைக் கேட்காமல் நியமித்தது செல்லுமா, அவர்களுக்கு வாக்கு உண்டா என்ற வழக்கில், 2018 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் நியமனமும் வாக்குரிமையும் செல்லும் என்று கூறிவிட்டது. மக்கள் தேர்ந்தெடுக்காதவர் ஓர் அரசை வீழ்த்த வாக்களிக்கலாமா என்பது நல்ல கேள்வி. சட்டம் மாற வேண்டும் என்று ஒருவர் வாதாடலாம். அன்றைக்கு இருந்த சட்டப்படி அவர்கள் வாக்கு வாக்குதான். வகுப்பில் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன்: 'சட்டம் என்ன', 'சட்டம் என்னவாக இருக்கலாம்'.

வாக்கெடுப்பு நடக்கவில்லை. முதலமைச்சரும் ஆளும் தரப்பு உறுப்பினர்களும் வெளிநடப்புச் செய்தார்கள். தீர்மானம் தோற்றது என்று பேரவைத் தலைவர் அறிவித்தார். முதலமைச்சர் அன்றே துணைநிலை ஆளுநரிடம் விலகல் கடிதம் கொடுத்தார். பிப்ரவரி 25இல் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மாநிலங்களுக்கு உள்ள 356ஆவது பிரிவு இங்கே பொருந்தாது. யூனியன் பிரதேசச் சட்டத்தின் 51ஆவது பிரிவு என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏப்ரல் 6இல் தேர்தல்.

விலகியது சரி. கைகளை எண்ணியிருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும் என்று ஓர் ஆசிரியராக எனக்குத் தோன்றுகிறது. 1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் தோற்றது. அவர் அன்றே விலகினார். அந்த இரண்டு எண்களும் கால் நூற்றாண்டு கழித்தும் வகுப்பில் பேசுகின்றன. அதே வாஜ்பாய் 1996 மே 28இல் வாக்கெடுப்புக்குக் காத்திராமல் விலகியதும் உண்டு. அதுவும் மரபுக்குள் அடங்கியதுதான். ஆனால் ஏட்டில் எண் இல்லை.

போக மறுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் ஓர் உதாரணம் இருக்கிறது. இலங்கையில் 2018 அக்டோபர் 26இல் மகிந்த ராஜபக்ச பிரதமராக நியமிக்கப்பட்டார். நவம்பர் 14இல் நாடாளுமன்றம் அவருக்கு எதிராக நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை நிறைவேற்றிய பிறகும் அவர் தரப்பு அதை ஏற்கவில்லை. அவைக்குள் கைகலப்பு, மிளகாய்த்தூள் வீச்சு வரை போய், வழக்கு நீதிமன்றம் சென்று, டிசம்பர் 15இல்தான் அவர் விலகினார். எண்ணுகிற இடத்தில் ஒழுங்கு இல்லாவிட்டால் எண்ணிக்கையே செல்லாது என்பதைச் சென்னையும் 1988 ஜனவரி 28இல் பார்த்தது. ஜானகி ராமச்சந்திரன் அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு அடிதடியில் முடிந்து, இரண்டு நாளில் அரசு கலைக்கப்பட்டது.

நம் காரைக்காலுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. காரைக்காலைச் சேர்ந்த எஸ். ராமசாமி 1974 மார்ச் 6இல் புதுச்சேரி முதலமைச்சரானார். மார்ச் 28இல் ஆட்சி முடிந்தது. 22 நாள். இதைச் சொன்னதும் வகுப்பு சிரிக்கும். "நம்ம காலாண்டு லீவை விடக் கொஞ்சம் அதிகம்" என்றான் ஒருவன்.

இந்தப் பாடத்தை எடுக்கத் தயங்கும் ஆசிரியர்கள் உண்டு. தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. நாம் அரசு ஊழியர்கள். வகுப்பில் எல்லாக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தந்தை பள்ளிக்கே வந்து, "எங்க கட்சியப் பத்தி என்ன டீச்சர் சொன்னீங்க?" என்று கேட்டார். புளியங்கொட்டையையும் சோழியையும் எடுத்து வைத்து அவருக்கும் ஒருமுறை நடத்திக் காட்டினேன். கடைசிக் கொட்டை கிண்ணத்தில் விழுந்தபோது, "இப்படி யாரும் சொல்லலியே" என்றார். அதற்குப் பிறகு முதல் பாடவேளையில் கட்சிப் பெயர்களைச் சொல்வதில்லை. 'இடம்', 'வலம்' என்று மட்டும் சொல்லிக் கணக்கை முடித்துவிட்டு, இரண்டாம் பாடவேளையில்தான் பெயர்களை எழுதுகிறேன். பெயர் தெரியாதபோது ஒரு தீர்ப்புச் சொன்ன பிள்ளை, பெயர் தெரிந்ததும் தீர்ப்பை மாற்றிக்கொள்வதுண்டு. ஏன் மாற்றினாய் என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலை ஏட்டில் எழுதச் சொல்லிவிடுவேன், திருத்துவதில்லை.

தொடக்க வகுப்புகளுக்குக் கொட்டைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். எட்டாம் வகுப்புக்கு மேல், பாடம் முடிந்ததும் நான் கொடுக்கும் வினா இது: பிப்ரவரி 21 இரவு நீங்கள் பேரவைத் தலைவர். மறுநாள் 11க்கு 11 என்று வந்து, முடிவு உங்கள் ஒரு வாக்கில் நின்றால் எந்தப் பக்கம் கை தூக்குவீர்கள்? காரணத்தை ஐந்து வரிக்குள் எழுதுக. மதிப்பெண் காரணத்துக்கு மட்டும்.