கண்ணாடியில் வாசிக்கும் விரல்: இசை செய்ய எந்த டேப்லெட்?

இசை செய்ய டேப்லெட் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது பிராசஸர் எது, ரேம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்றுதான். படம் பார்க்கவும் விளையாடவும் அந்தக் கேள்விகள் போதும்; இசைக்குப் போதாது. வீணை வாங்க வருகிறவர் பலாமரத்தின் எடையைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுத்துவிடுவதில்லை. மடியில் வைத்து மீட்டிப் பார்க்கிறார், விரலுக்கு நாதம் எப்படிப் பதில் சொல்கிறது என்று கவனிக்கிறார். தொடுதிரைக் கருவியையும் அப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏனென்றால் இசைக்கூடத்தில் அதன் முதல் வேலை வாத்தியமாக இருப்பது. இரண்டாவது வேலை தோன்றிய மெட்டைக் குறித்துவைக்கும் ஏடாக இருப்பது. முழு ஸ்டூடியோவாக இருப்பது மூன்றாவதாகத்தான் வரும். இந்த வரிசையை மனத்தில் கொண்டால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. விரல் பட்டதற்கும் ஒலி எழுவதற்கும் நடுவே எவ்வளவு தாமதம்? குரலும் வாத்திய ஒலியும் கருவிக்குள் வர, வெளியே போக வழி என்ன? பாதி முடிந்த பாட்டை வேறு கருவிக்கு எடுத்துப்போக முடியுமா? ஐபேட், ஆண்ட்ராய்டு, விண்டோஸ் மூன்றையும் இந்தக் கேள்விகளால் உரசிப் பார்த்தால் விளம்பரம் சொல்லாத பதில்கள் கிடைக்கும்.

தாமதத்திலிருந்து தொடங்கலாம். ஒலியை எந்தக் கணினியும் சொட்டுச் சொட்டாக வெளியிடுவதில்லை. சிறு சிறு குடங்களில் நிரப்பித்தான் ஊற்றுகிறது. அந்தக் குடத்துக்கு பஃபர் என்று பெயர். நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் என்ற கணக்கில் ஓடும்போது 256 மாதிரிகள் கொண்ட குடம் நிறைய ஏறத்தாழ 5 மில்லி நொடி ஆகும். 1,024 என்றால் 21 மில்லி நொடி. திரை விரலை உணர எடுக்கும் நேரமும், இயங்குதளத்தின் உள்வேலைகளும் இதன்மேல் சேரும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி நொடி ஆகிறது என்பதால், 10 மில்லி நொடித் தாமதம் என்பது மூன்று மீட்டருக்குச் சற்று மேல் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து கேட்பது போன்றது. அது யாரையும் உறுத்தாது. இருபதைத் தாண்டும்போது மிருதங்கமோ டிரம்ஸோ வாசித்துப் பழகிய கை தடுமாறத் தொடங்கும். மேலும் கூடினால், கை தன்னையறியாமல் தாளத்துக்கு முன்பே விழப் பழகிவிடும். வாத்தியம் கற்கிற ஒருவருக்கு அதைவிடக் கெட்ட பழக்கம் வேறில்லை.

இந்த இடத்தில் ஐபேட் முன்னிலை பெறுவதற்குக் காரணம் அதன் சிப்பின் வேகம் மட்டுமன்று. மேக் கணினிக்காக ஆப்பிள் வகுத்த கோர் ஆடியோ என்ற ஒலி அமைப்பு 2010இல் முதல் ஐபேட் வந்தபோதே அதனுள் இருந்தது. கருவிகள் ஒருசில மாடல்களே என்பதால் ஆப் எழுதுகிறவர் எல்லாவற்றிலும் சோதித்துப் பார்க்க முடிந்தது. ஆண்ட்ராய்டின் கதை வேறு. நூற்றுக்கணக்கான நிறுவனங்கள், ஒவ்வொன்றிலும் வேறு ஒலிச் சிப், வேறு மென்பொருள். தொழில்முறை ஒலிக்குத் தகுதியான கருவி என்று சொல்லிக்கொள்ள, உள்ளே போய் வெளியே வரும் மொத்தத் தாமதம் 20 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும் என்ற வரையறை 2015இல் ஆண்ட்ராய்டு 6உடன்தான் வந்தது. அந்தத் தகுதியைப் பெற வேண்டும் என்று எந்த நிறுவனத்துக்கும் கட்டாயமில்லை. 2017இல் ஆண்ட்ராய்டு 8 கொண்டுவந்த ஏஆடியோ என்ற ஒலி அமைப்பு நிலைமையைக் கணிசமாகச் சீர்செய்தது. ஆகவே ‘ஆண்ட்ராய்டு ஆகாது’ என்று ஒரே அடியாகத் தள்ளுவது இன்று நியாயமாகாது. ‘எந்த ஆண்ட்ராய்டு’ என்று கேட்பதே சரி. அதற்குக் கடையிலேயே ஒரு சோதனை உண்டு. ஓர் இலவச பியானோ ஆப்பைத் திறந்து, நகமும் விரல் நுனியும் சேர்ந்து படும்படி திரையைத் தட்டுங்கள். நகம் கண்ணாடியில் படும் ‘டக்’ ஒலியும் சுரமும் ஒன்றாகக் கேட்டால் தேறியது. இரண்டும் தனித்தனியாகக் கேட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது வாசிப்பதற்கான கருவியாகாது.

சரி, விரலால் வாசிப்பதில் அப்படி என்ன இருக்கிறது, மௌஸும் கீபோர்டும் போதாதா என்று கேட்கலாம். கீபோர்டின் கட்டைகள் சுரங்களைத் தனித்தனிப் படிகளாக வெட்டிவைத்தவை. நம் இசையோ படிகளுக்கு நடுவில் வாழ்கிறது. தோடியின் காந்தாரத்தை ஒற்றைக் கட்டையில் அழுத்திக் காட்ட முடியாது. அது அசைவாகத்தான் இருக்க முடியும். கண்ணாடித் திரைக்குக் கட்டை இல்லை. விரலை இழுத்தால் சுருதி இழுபடும், அசைத்தால் அசையும். ஜியோஷ்ரெட் போன்ற ஆப்கள் இதையே அடிப்படையாகக் கொண்டவை. அதை ஐபேடில் வாசித்துக் கர்நாடக இசைக்குத் தனி ரசிகர்களைச் சேர்த்தவர் மகேஷ் ராகவன். ஒவ்வொரு விரலின் அசைவையும் தனித்தனியாகப் பதியும் எம்பிஇ முறை இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி தரத்தின் பகுதியாக 2018இல் ஏற்கப்பட்டது. அதனால் திரையில் போட்ட கமகம் கணினியிலுள்ள வேறொரு வாத்திய ஒலிக்கும் அப்படியே போய்ச் சேரும். ஆனால் கண்ணாடிக்கு ஒரு குறையும் உண்டு: அழுத்தம் தெரியாது. மெல்லத் தொட்டதற்கும் ஓங்கி அடித்ததற்கும் வேறுபாடு காண, ஐபேடின் கேரேஜ்பேண்ட் கருவியின் அதிர்வை அளந்து ஊகிக்கிறது, அது ஊகம்தான். தாள வாத்தியக்காரர்களும் பியானோ பழகியவர்களும் ஒரு சிறிய மிடி கீபோர்டையோ பேடையோ இணைத்துக்கொள்வதே நல்லது. இழைந்து போகும் ஒலிக்குத் திரை. அடித்து எழுப்பும் ஒலிக்குக் கட்டை.

அடுத்தது மென்பொருள். ஐபேடில் கேரேஜ்பேண்ட் இலவசம். 32 ட்ராக் வரை தாங்கும். ஒரு பாட்டுக்கு அது தாராளம். அதற்கு மேலே போக 2023 மே மாதம் வந்த லாஜிக் ப்ரோ இருக்கிறது. வெளியானபோது மாதம் 4.99 டாலர் அல்லது ஆண்டுக்கு 49 டாலர் சந்தா. சந்தா பிடிக்காதவர்களுக்கு ஒரே முறை காசு கொடுத்து வாங்கும் கியூபேசிஸ், எஃப்எல் ஸ்டூடியோ மொபைல் இரண்டும் உண்டு. இரண்டும் ஆண்ட்ராய்டிலும் ஓடும். இலவசமாக வேண்டுமென்றால் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பேண்ட்லேப் இரண்டு தளத்திலும் கிடைக்கிறது. இந்தப் பட்டியலைப் பார்த்தால் இரண்டும் சமம் என்று தோன்றும். வேறுபாடு அடுத்த அடுக்கில் இருக்கிறது. ஒரு முதன்மை ஆப்புக்குள் இன்னொரு நிறுவனத்தின் வாத்தியத்தையோ எக்கோவையோ ப்ளக்-இன்னாகத் திறக்கும் வசதி 2015இலிருந்து ஐபேடில் இருக்கிறது. மூக் போன்ற பழம்பெரும் சின்தசைசர் நிறுவனங்கள் அதற்காக எழுதியிருக்கின்றன. ஆண்ட்ராய்டில் அப்படி எல்லாரும் ஏற்ற பொது வழி இன்னும் வேரூன்றவில்லை. வாங்கிய ஆப்புக்குள் என்ன இருக்கிறதோ பெரும்பாலும் அதோடு சரி.

விண்டோஸ் டேப்லெட், குறிப்பாக மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் வகை, இதற்கு நேர்மாறு. கியூபேஸ், எஃப்எல் ஸ்டூடியோ, ரீப்பர் என்று முழுக் கணினி மென்பொருள் எல்லாம் ஓடும். பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த விஎஸ்டி ப்ளக்-இன்களும் கான்டாக்ட் ஒலித்தொகுப்புகளும் அப்படியே திறக்கும். ஐபேடில் இவை திறக்கவே திறக்காது. ஆனால் அந்த ப்ளக்-இன்களின் குமிழ்கள் மௌஸ் முனைக்காகச் செய்யப்பட்டவை. விரல் நுனி ஒரே நேரத்தில் மூன்று குமிழை மறைக்கும். தொடுதலை மனத்தில் வைத்து வடிவமைத்த பிட்விக், பேனாவால் எழுதிய இசைக்குறியீட்டை வாசித்துக் காட்டும் ஸ்டாஃப்பேட் போன்றவை சிலவே. ஸ்டாஃப்பேடும் 2020இல் ஐபேடுக்கு வந்துவிட்டது. 2024 முதல் ஸ்னாப்டிராகன் சிப்புடன் வரும் சர்ஃபேஸ்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது: மைக்கையும் வாத்தியத்தையும் டேப்லெட்டோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் டிரைவர் அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய டிரைவர் ஓடாது. வாங்கும் முன் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடுவது அவசியம்.

இனி, பலரும் கணக்கில் சேர்க்காத செலவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது டேப்லெட்டுக்கு நன்றாகப் பொருந்தும். பல புதிய டேப்லெட்களில் ஹெட்போன் துளை இல்லை. ப்ளூடூத் ஹெட்போனில் தாமதம் பல நேரம் 100 மில்லி நொடிக்கு மேல் போகும். அதை மாட்டிக்கொண்டு வாசிக்க முடியாது, முடிந்த பாட்டைக் கேட்கத்தான் உதவும். குரல் பதிய கண்டென்சர் மைக் என்றால் அதற்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும்; இன்டர்ஃபேஸ் அதை டேப்லெட்டின் பேட்டரியிலிருந்து உறிஞ்சும். இருக்கிற ஒரே யுஎஸ்பி-சி துளையில் இன்டர்ஃபேஸைச் செருகிவிட்டால் சார்ஜ் போட இடமில்லை. ஆகவே தனி மின்சாரம் வரும் ஹப் ஒன்று, தனி டிரைவர் கேட்காத இன்டர்ஃபேஸ் ஒன்று, கம்பியுள்ள ஹெட்போன் ஒன்று ஆகிய மூன்றையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். சேமிப்பிடத்துக்கும் ஒரு கணக்கு: 24 பிட், 48,000 மாதிரி அளவில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட். இருபது ட்ராக் கொண்ட ஐந்து நிமிடப் பாட்டு 860 மெகாபைட்டைத் தாண்டும். பாடகர் மூன்று முறை பாடிப் பார்த்தால் அதுவும் சேர்ந்து ஏறும். 64 ஜிபி கருவி சீக்கிரமே திணறும். இத்தனைக்கும் எதிராக டேப்லெட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஐபேடிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்களிலும் மின்விசிறி இல்லை. மைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பதியலாம்.

இவ்வளவு செலவு செய்வதற்குப் பேசாமல் ஒரு லேப்டாப்பே வாங்கிவிடலாமே என்பது வலுவான மறுப்பு. மிக்ஸிங்தான் முதன்மை வேலை என்றால் அந்த மறுப்பு முழுக்கச் சரி. நாற்பது ட்ராக்கை வரிசையாகப் பார்த்து, அரை டெசிபல் ஏற்றி இறக்கி, பத்துக் கோப்புகளை மாற்றி மாற்றித் திறக்கும் வேலைக்குப் பெரிய திரையும் மௌஸுமே ஏற்றவை. எதிர்ப்பக்கத்திலிருந்து வேறொரு மறுப்பு வரும்: கொரில்லாஸ் குழுவின் ‘தி ஃபால்’ ஆல்பம் பெரும்பகுதி 2010இல் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது ஐபேடிலேயே உருவானதே, பிறகு லேப்டாப் எதற்கு? அந்த எடுத்துக்காட்டு உண்மை. ஆனால் அது நிறுவுவது வேறொன்றை. ஊர் ஊராகப் போகும்போது தோன்றியதை அந்தந்த இடத்திலேயே பிடித்துவைத்த ஆல்பம் அது. அதன் அழகே பயணக் குறிப்பேட்டின் அழகு. டேப்லெட் எங்கே சிறக்கிறது என்பதற்கு அது சாட்சி. எல்லா வேலைக்கும் போதும் என்பதற்குச் சாட்சியாகாது. மென்பொருள் நிறுவனங்களும் இப்படித்தான் பார்க்கின்றன. ஏபிள்டன் தன் முழு மென்பொருளான லைவை ஐபேடுக்குக் கொண்டுவராமல், 2022இல் நோட் என்ற சிறிய ஆப்பை வெளியிட்டது. அதில் தொடங்கிய மெட்டு கணினியிலுள்ள லைவில் தொடரும். கேரேஜ்பேண்ட், லாஜிக் கோப்புகள் மேக்கிலும், எஃப்எல் மொபைல் கோப்புகள் எஃப்எல் ஸ்டூடியோவிலும், கியூபேசிஸ் கோப்புகள் கியூபேஸிலும் திறக்கும். நண்பரின் ஸ்டூடியோவில் எது இருக்கிறதோ அதற்கேற்ற ஆப்பை இங்கே தேர்ந்தெடுப்பது பெரிய புத்திசாலித்தனம்.

பாட்டு வெளியேறும் வழி இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய 32 பிட் ஆப்கள் ஒரேயடியாக நின்றுபோயின. புதுப்பிக்கப்படாத இசை ஆப்களும் அவற்றில் இருந்தன. அவற்றுக்குள் மட்டும் இருந்த பாட்டுகளைப் புதிய இயங்குதளத்தில் திறக்க வழியில்லாமல் போனது. எந்தக் கருவி வாங்கினாலும், பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக வெளியே எடுத்து இரண்டு இடத்தில் வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஆப் போனாலும் வேவ் கோப்பு திறக்கும்.

முடிவாக என்ன வாங்கலாம்? கணினி இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவருக்கும், கமகத்தோடு வாசிக்க விரும்புகிறவருக்கும் விலை குறைந்த அடிப்படை ஐபேட் போதும். ப்ரோ மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் கொடுத்தால் பாட்டில் அது கேட்கும். கையில் ஏற்கெனவே ஆண்ட்ராய்டு டேப்லெட் இருந்து, வேலை பீட் அடுக்குவதும் வரிகளுக்கு மெட்டுப் போட்டுப் பார்ப்பதும் என்றால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு சுரத்தையும் திரையில் வைத்துக் கோக்கும் வேலையில் தாமதம் குறுக்கே வராது. பல ஆண்டு ப்ளக்-இன் சேமிப்போடு மேடைக்கும் வீட்டுக்கும் ஒரே கருவி தேடுகிறவர் மட்டும் விண்டோஸ் டேப்லெட்டைப் பார்க்கலாம். நல்ல லேப்டாப் வைத்திருந்து மிக்ஸிங்கே தொழிலாக உள்ளவருக்கு டேப்லெட்டே தேவையில்லை. எதுவானாலும், பில் போடும் முன் ஒருமுறை நகம் படத் தட்டிப் பாருங்கள்.